பட்டம் உண்டு, மருந்து எங்கே?

பாம்பு இலங்கையில் பிறந்த பாம்பு. கடிபட்டவன் இலங்கை வயலிலே நின்ற கமக்காரன். பாம்பின் நஞ்சைக் கறந்தெடுத்தவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உழைத்த ஆராய்ச்சியாளர்கள். ஆனால், அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் குருதிநீரிலிருந்து எதிர்ப்புப் பொருளைப் பிரித்து, தூய்மை செய்து, உறையவைத்து உலர்த்திக் குப்பியில் அடைத்தவர்கள் யார்? பூகோளத்தின் மறுபக்கத்திலே, நடு அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா என்னும் சின்னஞ்சிறு நாட்டினர்! 2010களில் இது நடந்தது. இலங்கைப் பாம்புகளுக்கென்றே ஒரு மருந்து செய்ய வேண்டும் என்று நல்லோர் சிலர் முயன்றபோது, அதனைச் செய்து தரக்கூடிய ஒரு தொழிற்கூடம் இலங்கையில் இருக்கவில்லை. அதனாற் கடல் கடந்து போக நேர்ந்தது.

அந்த முயற்சியில் ஈடுபட்டவர்களை நாம் குறை கூறவில்லை, அவர்களைப் போற்றுகின்றோம். நாம் குற்றஞ்சாட்டுவது வேறு இடத்தில். நூறாண்டுக்கு மேலாக மருத்துவக் கல்வி நடக்கும் நாடு இது. இரசாயனத்திலும், உயிரிரசாயனத்திலும், மருந்தியலிலும், நுண்ணுயிரியலிலும் கலாநிதிப் பட்டம் பெறுவோர் ஆண்டுதோறும் வெளிவருகின்றனர். பட்டமளிப்பு விழாவில் சிவப்பு அங்கி அணிகின்றனர், புகைப்படம் எடுக்கின்றனர், பெற்றோர் மகிழ்கின்றனர். அதன் பின்னர் அவர்களுக்கு என்ன வேலை? அவர்களை எந்த வேலைக்கு நாம் ஆயத்தம் செய்தோம்? இந்தக் கேள்விக்கு விடை தரவேண்டியவர்கள் அரசாங்கத்தாரும் பல்கலைக்கழக ஆட்சியாளரும் ஆவர்.

இதைக் கொலன்னாவையிலிருந்து எழுதுகின்றோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து எழுதினாலும் இதையேதான் எழுதியிருப்போம். எனினும் இவ்வூருக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. எண்ணெய்க் குதங்களும் அரசாங்கத் தொழிற்சாலையும் உள்ள ஊர் இது. அத்தோடு தாழ்நிலமும் சதுப்பும் நுளம்பும் நோயும் உள்ள ஊருமாகும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது இங்கு வீடுகள் கூரைமட்டும் மூழ்கின. 2017 ஏப்ரலில், புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரை உயிரோடு புதைத்தது. வெள்ளம் வடிந்த பின் இங்கு அஞ்சப்படும் நோய் எலிக்காய்ச்சல். அதே எலிக்காய்ச்சல்தான் நெல்வயலில் இறங்கும் கமக்காரனையும் பிடிக்கின்றது. நகரத்துச் சேரிக்கும் நாட்டுப்புறத்து வயலுக்கும் இடையில் இந்நோய் பேதம் பார்ப்பதில்லை. நோய் இன்னதென்று உறுதிசெய்ய இரத்தத்தை எங்கே அனுப்புகின்றனர்? கொலன்னாவையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு.

அந்த நிறுவனத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1900ஆம் ஆண்டளவில் தொடங்கியது அது. அதனோடு தொடர்புடைய இத்தாலிய வைத்தியர் அல்டோ காஸ்தெல்லானி 1905இல் கொழும்பிலிருந்துகொண்டே பறங்கி நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற கண்டுபிடிப்பு அது. ஒரு காலத்தில் விசர்நாய்க்கடிக்குரிய பழையவகைத் தடுப்புமருந்து அங்கேயே தயாரிக்கப்பட்டது. அதாவது, ஆராய்ச்சியும் உற்பத்தியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. குழாயைப் பிடித்த கையும் குப்பியை நிரப்பிய கையும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. பழைய முறை மருந்து தள்ளிவைக்கப்பட்டது சரியே. அதனிலும் பாதுகாப்பான புதிய மருந்து உலகில் வந்துவிட்டது. ஆனால், பழையதைக் கைவிட்ட நாம் புதியதைச் செய்யக் கற்றோமா? இல்லை, வாங்கக் கற்றோம். கேள்விப் பத்திரம் கோருவதிலும் கப்பலுக்குக் காத்திருப்பதிலும் தேர்ச்சி பெற்றோம்.

வாங்குவதே போதும் என்றிருந்தவர்களுக்கு 2022ஆம் ஆண்டு பாடம் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில், மருந்து இல்லாத காரணத்தால் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் முன்குறித்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாதெனக் கைவிரித்தது. மே மாதத்தில் தமிழ்நாட்டு மக்கள் அரிசியும் பால்மாவும் அனுப்பியபோது, அக்கப்பலில் உயிர்காக்கும் மருந்துகளும் வந்தன. அன்பை மறவோம். ஆயினும், அயலவர் அன்பின்மீது ஒரு நாட்டின் வைத்தியசாலைகளை நடத்த முடியுமா? அடுத்த ஆண்டு இன்னும் கேவலம். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் நோயாளருக்கு ஏற்றப்பட்டது வெளியாயிற்று. சுகாதார அமைச்சராயிருந்தவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். வழக்கை நீதிமன்றம் தீர்க்கட்டும். நாம் கேட்பது இதுதான்: குப்பிக்குள் இருப்பது மருந்தா, மாசா என்று ஊசி ஏற்றுமுன் சோதித்துச் சொல்லக்கூடிய இளைஞர்கள் எத்தனை பேரை இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கியிருக்கின்றன? உருவாக்கியவர்களில் எத்தனை பேரை இந்நாடு வேலைக்கு வைத்திருக்கின்றது?

இனி, கலாநிதிப் படிப்பு இங்கே நடக்கும் விதத்தைப் பார்ப்போம். மாணவர் ஒருவர் மூன்று நான்கு ஆண்டு ஆய்வுகூடத்தில் உழைக்கின்றார். ஒரு மூலிகைச் சாற்றில் ஒரு பொருளைப் பிரிக்கின்றார். அது எலிகளின் சர்க்கரையைக் குறைக்கின்றது என்று காண்கின்றார். வெளிநாட்டுச் சஞ்சிகையில் இரண்டு கட்டுரைகள். ஆய்வேடு கட்டப்பட்டு நூலக அலுமாரியில் ஏறுகின்றது. மேற்பார்வையாளரும் ஒரு காலத்தில் இவ்வழியே வந்தவர்தாம். ஆய்வுகூடம், விரிவுரை மண்டபம் ஆகிய இரண்டுக்கு அப்பால் அவரும் சென்றதில்லை. ஆகவே தாம் அறிந்த ஒரே உத்தியோகத்துக்கே, அதாவது விரிவுரையாளர் பதவிக்கே, தம் மாணவரையும் ஆயத்தம் செய்கின்றார். விரிவுரையாளர் பதவியோ ஒருவர் ஓய்வுபெற்றால்தான் காலியாகும். பத்துப் பேர் ஏறக்கூடிய பேருந்தில் நூறு பேருக்குப் பயணச்சீட்டு விற்பது போன்ற கதை இது.

அந்த மூன்று நான்கு ஆண்டில் அவர் கற்காதவை எவை? ஆய்வுகூடத்தில் ஒரு கிராம் செய்த பொருளைத் தொழிற்சாலையில் நூறு கிலோ செய்யும்போது ஏன் அது வேறொன்றாகிவிடுகின்றது என்பதைக் கற்பதில்லை. நாற்பது பாகை வெப்பத்திலும் எழுபத்தைந்து வீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்து மருந்தின் ஆயுளை அளக்கும் பன்னாட்டு முறையைக் கற்பதில்லை. மருந்துத் தொழிற்சாலையில், எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலையாகவே கொள்ளப்படும். ஒவ்வொரு தொகுதிக்கும் யார், எப்போது, எந்த மூலப்பொருளை, எந்தப் பாத்திரத்தில் இட்டார் என்பது ஒப்பத்தோடு பதியப்படும். இந்த ஒழுக்கத்தை அவர் கண்ணாலும் கண்டதில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் முன் ஒரு மருந்தைப் பதிவுசெய்ய என்னென்ன சான்றுகள் வேண்டும் என்று கேட்டால் விழிப்பார். கண்டுபிடித்ததைச் சஞ்சிகையில் அச்சிட்டுவிட்ட பின்னர் பல நாடுகளில் அதற்கு ஆக்கவுரிமை கிடையாது என்பதைக் கட்டுரை அச்சான பிறகுதான் அறிவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எமது கிழவிகள் சொன்னது எவ்வளவு பொருத்தம்! குற்றம் அந்த மாணவருடையதன்று. சுரைவிதையை யாரும் அவர் கையிற் கொடுக்கவில்லை.

முடிவு என்ன? கெட்டிக்காரர் விமானம் ஏறுகின்றனர். பல்கலைக்கழகம் பிணைப்பத்திரம் எழுதுவித்து மேற்படிப்புக்கு அனுப்பியவர்களிலும் பலர் திரும்புவதில்லை. பிணைப் பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே இருந்துவிடுகின்றனர். அவர்களைத் துரோகிகள் என்று மேடையில் ஏசுவது எளிது. திரும்பி வந்தால் அவர்கள் கற்ற வேலையைச் செய்ய இங்கே எந்தக் கூடம் திறந்திருக்கின்றது? இங்கேயே தங்கிவிட்டவர்களுட் சிலரோ, தோற்பையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரின் வாசலில் வரிசையில் நின்று, அந்நியக் கம்பனியின் மாத்திரையைப் புகழ்ந்து பேசிப் பிழைக்கின்றனர். மருந்து செய்யக் கற்கவேண்டியவர் மருந்து விற்கப் போகின்றார். என்னே விந்தை!

இதற்கு மாறான ஒரு வரலாற்றை எம் வாசகர்கள் அறிதல் வேண்டும். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் தெலுங்கர் 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். 1923இல் அமெரிக்கா சென்று, 1930இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். அங்கு அவர் வழிநடத்திய குழுக்களிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்குரிய முதல் மருந்துகளும், ஒரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லியும், யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசின் மாத்திரையும் வந்தன. இந்த மாத்திரை உலகறிய வந்தது 1947இல். அதே 1947இல்தான் இலங்கையில் யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் தொடங்கிற்று. மேல்மாகாணத்துத் தாழ்நிலங்களில், எமது கொலன்னாவைச் சுற்றுவட்டம் உட்பட, தலைமுறை தலைமுறையாகக் கால்வீங்கிக் கிடந்த ஏழைகளின் வாயில் அந்த மாத்திரைதான் இடப்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம், யானைக்கால் நோய் இலங்கையில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று என்று அறிவித்தது.

இதிலிருந்து என்ன விளங்குகின்றது? பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாத ஒரு கலாநிதி தொழிற்கூடத்திற்குள் போனதால் அறிவு தாழ்ந்துவிடவில்லை. அவர் பேராசிரியராகவே இருந்திருப்பின் இன்னும் சில சிறந்த கட்டுரைகள் உலகுக்குக் கிடைத்திருக்கும். இந்த மாத்திரை கிடைத்திருக்குமோ என்பது ஐயம். ஆயின், ஒன்றைக் கவனியுங்கள்: சுப்பாராவும் அமெரிக்காவிலேயே 1948இல் மறைந்தார். சென்னையோ கொழும்போ அவருக்கு அப்படியொரு கூடத்தை வைத்திருக்கவில்லை. முக்கால் நூற்றாண்டு கழிந்தும் எமது பிள்ளைகளின் நிலை பெரிதும் மாறவில்லை.

எமக்கு மறுப்புக் கூறுவோர் இருக்கின்றனர். முதலாவது மறுப்புப் பேராசிரியர்களிடமிருந்து வருவது. "பல்கலைக்கழகம் அறிவைத் தேடும் இடம், கம்பனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடமன்று" என்கின்றனர். இது இலேசாகத் தள்ளக்கூடிய மறுப்பன்று. ஆதாயத்துக்காகப் பாதகமான முடிவை மறைத்த கம்பனிகள் உலகில் உண்டு. பணம் கொடுத்தவன் பாட்டையும் கேட்பான். ஆனால், மருந்து செய்யும் தொழிலை ஒருவர் அறிந்திருப்பது அத்தொழிலுக்கு அடிமையாவதாகுமா? சட்டம் கற்றவர் எல்லோரும் கள்ளனுக்கே வழக்காடுகின்றனரா? கம்பனியின் கணக்கையும் தந்திரத்தையும் உள்ளிருந்து அறிந்தவரே நாளை ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் அமர்ந்து அதே கம்பனியின் பொய்யைப் பிடிக்க வல்லவர். தொழிலை அறியாத தூய்மை, 2023இல் எம்மைக் காக்கவில்லை.

தேசாபிமானம் பேசுவோரின் மறுப்பு வேறு. "தனியார் வந்தால் கொள்ளை" என்கின்றனர். அவர்களுக்கு சேனக பிபிலேயை நினைவூட்டுகின்றோம். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர். வியாபாரப் பெயர்களின் மயக்கத்தை ஒழித்து, நாட்டுக்கு அவசியமான மருந்து எவை என்று பட்டியலிட்டு, மலிவாக வாங்கச் செய்தவர். உலகமே பின்னர் அவர் வழியைப் படித்தது. ஆனால், வாங்கும் திறமையை வளர்த்த அளவுக்குச் செய்யும் திறமையை இந்நாடு வளர்க்கவில்லை. உற்பத்திக்கான அரச கூட்டுத்தாபனம் 1987இல்தான், அதுவும் ஜப்பானியர் உதவியோடு, இரத்மலானையில் எழுந்தது. அங்கே மாத்திரையும் கப்சூலும் நன்றாகவே செய்கின்றனர். அத்தொழிற்சாலை அரசினுடையதுதானே? அங்கே ஒரு கலாநிதி மாணவர் ஆறு மாதம் நின்று கற்பதில் எந்தத் தனியார் கொள்ளை அடங்கியிருக்கின்றது?

ஹோமாகமவில் உள்ளதும் 2008இல் தொடங்கப்பட்டதுமாகிய நனோ தொழில்நுட்ப நிறுவனத்தை ஒரு நல்ல அத்தாட்சியாகக் கொள்ளலாம். அரசும் உள்நாட்டுக் கம்பனிகளும் பங்குசேர்ந்து நடத்திய அக்கூடத்தில் கலாநிதிகள் ஆடைக்கும் இறப்பருக்கும் வேண்டிய ஆராய்ச்சியைத் தொழிலாளரோடு தோள் சேர்ந்து செய்தனர். ஆடைக்கு முடிந்தது ஆயுளுக்கு முடியாதா? பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே வணிகத் தொடர்புப் பிரிவுகள் என்று உலக வங்கிக் கடனில் எழுந்தவை இருக்கின்றன. சில நற்காரியங்கள் அவற்றாலும் நடந்தன. எனினும், கதவிற் பெயர்ப்பலகை மாட்டுவதனால் மாணவருக்குத் தொழில் வந்துவிடாது.

பிற நாடுகள் இதைப் பற்றி எப்போதோ எண்ணத் தொடங்கிவிட்டன. டென்மார்க்கில் அரை நூற்றாண்டாக, கலாநிதி மாணவர் ஒரே வேளையில் கம்பனியின் ஊழியராயும் பல்கலைக்கழகத்தின் மாணவராயும் இருக்கும் முறை நடக்கின்றது. செல்வங்கொழிக்கும் அமெரிக்காவிலேயே, உயிர்மருத்துவக் கலாநிதிகளுட் பெரும்பாலோருக்குப் பேராசிரியப் பதவி கிடையாது என்பதை உணர்ந்த அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் 2013 முதல் பதினேழு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, மாணவருக்குத் தொழிற்கூடம், சட்டம், நிருவாகம் முதலிய வழிகளைக் காட்டச் செய்தது. இந்தியாவில் 2012இல், மாணவரின் புலமைப்பரிசிலில் பாதியை அரசும் பாதியைக் கம்பனியும் கொடுக்கும் பிரதம மந்திரி ஆய்வுத் திட்டம் வந்தது. இவற்றுள் எதுவும் எமக்கு எட்டாக்கனியன்று.

ஆயினும், எமது மனத்தை மிகக் கவர்வது கோஸ்டா ரிக்காதான். ஐம்பது இலட்சம் மக்களே வாழும் நாடு. இலங்கையின் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. 1948இல் தன் படையைக் கலைத்துவிட்ட நாடு அது. (படைக்குப் போகும் பணம் வேறெங்கே போகலாம் என்று எண்ணிப் பார்ப்பது குற்றமாகாது.) 1970இல் அங்கே கிளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் தொடங்கிற்று. நாட்டின் அரச பல்கலைக்கழகத்துக்கே உரியது அது. பாம்பை வளர்ப்பதும், நஞ்சை ஆராய்வதும், குதிரையைப் பேணுவதும், மருந்தைச் செய்வதும், வைத்தியருக்கும் கிராமத்தவருக்கும் பாம்புக்கடி பற்றிக் கற்பிப்பதும் ஒரே வளவுக்குள். அங்கு ஆய்வேடு எழுதும் மாணவர், காலையில் நஞ்சின் புரதத்தை ஆராய்ந்தால், மாலையில் அடுத்த கட்டடத்தில் அதே நஞ்சுக்கு மருந்து நிரம்பும் குப்பிகளைப் பார்க்கின்றார். தம் தேவையைத் தீர்த்ததோடு அமையாமல் நைஜீரியா நாட்டுப் பாம்புக்கும் அவர்கள் மருந்து செய்தனுப்பினர். கொள்ளை லாபக் கம்பனியும் அங்கில்லை. வெற்று ஏட்டுக் கல்வியும் அங்கில்லை. மேலே சொன்ன இரு மறுப்புக்கும் இதுவே விடை.

எமது கமக்காரர்களுக்கு இது எவ்வளவு அவசரமான காரியம் என்பதை நகரத்து உத்தியோகத்தர்கள் உணரவேண்டும். 2012, 2013ஆம் ஆண்டுகளில் நாடளாவ நடத்திய கணிப்பொன்று, ஒரே ஆண்டில் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும், நானூறுக்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் காட்டிற்று. இங்கே ஏற்றப்படும் மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அதற்கு வேண்டிய நஞ்சைப் பெரும்பாலும் கறந்து கொடுப்பவர்கள் யார் தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர் என்னும் தமிழ்ப் பழங்குடியினர். அவர்கள் தொழில் போற்றத்தக்கது. ஆனால், நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய இந்திய நான்குக்கே அம்மருந்து ஆக்கப்பட்டது. இலங்கையில் ஏராளமானோரைக் கடிப்பதும், சிங்களத்தில் 'பொலொன் தெலிஸ்ஸா' எனப்படுவதுமாகிய சிறிய குழிவிரியனுக்கு அது உதவுவதில்லை. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் கடல் கடந்தால் மாறுபடும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. மேலும், 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், இம்மருந்து ஏற்றப்பட்ட ஆயிரம் பேருக்குள் நால்வரில் மூவருக்கு உடல் ஒவ்வாத எதிர்விளைவு தோன்றிற்று. நஞ்சிலிருந்து தப்பியவன் மருந்தோடு போராட நேர்கின்றது!

இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் செய்தவர்கள் இந்நாட்டு வைத்தியர்களும் விஞ்ஞானிகளுமே. நோயை எண்ணினர், நஞ்சைப் பகுத்தனர், குறையைக் கண்டனர், உலகச் சஞ்சிகைகளில் எழுதினர். குறையைத் தீர்க்கும் கூடம் மட்டும் இல்லை. குதிரைக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கக்கூடும். நெடுந்தீவிலே அந்நியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் சந்ததி கட்டாக்காலிகளாய்த் திரிகின்றது. அவை இவ்வேலைக்கு உகந்தவையோ அல்லவோ, அதைக் கால்நடை வைத்தியர்கள் சொல்லட்டும். குதிரை இல்லாமையே இந்நாட்டின் குறை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம்.

தமிழ் மாணவர் பற்றித் தனியே ஒரு வார்த்தை. 1970களின் தரப்படுத்தல் விஞ்ஞான பீடங்களின் கதவை எம்மவர் பலருக்கு அடைத்தது. 1983க்குப் பின்னர் கற்றோர் குடும்பம் குடும்பமாகப் புலம்பெயர்ந்தனர். இலண்டனிலும் தொரன்ரோவிலும் உள்ள மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் இன்று தமிழ்ப் பெயர்களைக் காண்பது அதன் பலன். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது. போர்க்காலம் முழுவதும் அது வைத்தியர்களை உருவாக்கிற்று. ஆனால், மருந்து உற்பத்தியின் எந்தப் படியும் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மாணவருக்கு அருகில் இல்லை. இரத்மலானையும் ஹோமாகமவும் கொழும்பைச் சுற்றியவை. வவுனியாவிலும் காரணம் துலங்காத சிறுநீரக நோயால் கமக்காரர் வாடுகின்றனர். அவர்களிடம் ஒரு புதிய மருந்தைச் சோதிக்க வேண்டுமாயின், நோயாளி விளங்கும் மொழியில் விளக்கி, அவர் சம்மதத்தை எழுத்திற் பெறவேண்டும் என்பது உலக நியதி. தமிழில் விளக்கத் தெரிந்த விஞ்ஞானி அங்கே வேண்டும். மருந்தின் பக்கவிளைவைத் தமிழிற் கேட்டறிந்து பதியத் தெரிந்தவர் வேண்டும். இதுவும் ஒரு தொழில், மதிப்புள்ள தொழில். கலாநிதி மாணவருக்கு இப்படியொரு வாழ்க்கைவழி உண்டென்பதை எந்தப் பீடமாவது சொல்லிக்கொடுக்கின்றதா?

நாம் கேட்பவை பெரிதல்ல. உயிர்மருத்துவத் துறையிற் கலாநிதிப் பட்டத்துக்குப் பதியும் ஒவ்வொருவரும் ஆறு மாதமேனும் உற்பத்திக் கூடத்திலோ, தரச் சோதனைக் கூடத்திலோ, ஒழுங்குபடுத்தும் அதிகார சபையிலோ இருந்து கற்க வேண்டும். அக்காலம் பட்டத்துக்குரிய காலமாகவே கணிக்கப்படவேண்டும். கம்பனி புலமைப்பரிசிலிற் பங்கு கொடுக்க முன்வந்தால் ஏற்கலாம். ஆனால், ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்த பின்னர் முடிவை அச்சிடும் உரிமை மாணவருடையதாக, பாதகமான முடிவாயினும் மறைக்க முடியாததாக, எழுத்தில் இருக்கவேண்டும். மேற்பார்வையாளருள் ஒருவராவது தொழிற்கூடத்தில் வேலை செய்தவராயிருத்தல் நன்று. புலம்பெயர்ந்த எம் விஞ்ஞானிகளை இதற்கு அழைத்தால் வருவதற்கு ஆயத்தமாகப் பலர் இருப்பர். பாம்புக்கடி மருந்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொதுவுடைமைக் கூடம் எழவேண்டும். அது யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழக மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். விற்பனைக்குக் கவலையில்லை, இந்நாட்டில் மருந்தின் மிகப்பெரிய கொள்வனவாளர் அரசாங்கமே. முதல் ஐந்தாண்டு உற்பத்தியைத் தானே வாங்குவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாற் போதும்; வங்கியும் கடன் தரும், வாலிபரும் நாடு திரும்புவர்.

தமிழ்ப் பிரதிநிதிகளாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்போருக்கு ஒரு வேலை வைக்கின்றோம். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே, சுகாதார அமைச்சரையும் உயர்கல்வி அமைச்சரையும் ஒரே நாளில் எழுப்பிக் கேளுங்கள்: பாம்புக்கடி மருந்துக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டுக்குச் செல்லும் பணம் எவ்வளவு? கடந்த பத்தாண்டில் அரச பணத்தில் உயிர்மருத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றோர் எத்தனை பேர்? அவர்களுள் இன்று மருந்து உற்பத்தியில் அல்லது மருந்துத் தரச் சோதனையில் வேலை செய்வோர் எத்தனை பேர்? மூன்று எண்கள் மாத்திரமே. அவை ஹன்சார்டில் ஏறட்டும். ஏறிய வாரமே அவற்றை இப்பத்திரிகையின் முதற்பக்கத்தில் அச்சிடுவோம். அமைச்சர்கள் விடை கூறத் தவறினால் அதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுவோம்.